டீசல்: எண்ணெயின் பெயரல்ல, ஒரு மனிதரின் பெயர்!



வாட் என்பது ஜேம்ஸ் வாட்டின் பெயர், வோல்ட் என்பது வோல்டாவின் பெயர் என்று முதலாண்டிலேயே படித்து விட்டோம். ஆனால் பங்க்கில் நின்று தினமும் உச்சரிக்கிறோமே டீசல் என்று, அதுவும் ஒரு மனிதரின் பெயர்தான் என்று சொன்னால் நம்மில் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். டிரைவர்கள், பட்டறைக்காரர்கள், தண்ணீர் இறைக்கும் விவசாயிகள் என்று எல்லோர் வாயிலும் புகுந்து புறப்படும் அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் ருடால்ஃப் டீசல். அவரும் நம்மைப் போல ஒரு பாலிடெக்னிக் மாணவர்! அதனால்தான் இந்த மலரில் அவரைப் பற்றி எழுத ஆசைப்பட்டேன்.

இன்னொரு காரணமும் உண்டு. பழைய டீசல் வண்டி வாங்கியவர்களுக்கு என்னென்ன கோளாறு வருகிறதோ, எதற்கெல்லாம் பணம் கரைகிறதோ, அவற்றின் வேர் அவருடைய முதல் இன்ஜினிலேயே இருந்தது. அவர் வாழ்க்கையைப் படித்தால் டீசல் இன்ஜினின் நோய்களையும் சேர்த்துப் படித்த மாதிரி. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்!

தள்ளுவண்டிச் சிறுவன்

ருடால்ஃப் டீசல் 1858-ம் ஆண்டு மார்ச் 18-ம் நாள் பாரீஸ் நகரில் பிறந்தார். பிறந்தது பிரான்ஸ் என்றாலும் பெற்றோர் ஜெர்மானியர்கள். அப்பா தியோடர் ஆக்ஸ்பர்க் ஊரிலிருந்து பிழைப்புத் தேடிப் போனவர். புத்தகம் பைண்டிங் செய்வதும், தோல் சாமான் செய்து விற்பதும் அவர் தொழில். வசதியான வீடு அல்ல. அப்பா செய்த சாமான்களைத் தள்ளுவண்டியில் வைத்துத் தெருத்தெருவாகக் கொண்டு போய்க் கொடுப்பது சின்னப் பையன் ருடால்ஃபின் வேலை. கொஞ்சம் நேரம் கிடைத்தால் போதும், பாரீஸின் தொழில்நுட்பக் காட்சியகத்துக்குள் நுழைந்து விடுவான். 18-ம் நூற்றாண்டில் குன்யோ என்பவர் செய்த நீராவி வண்டி அங்கே இன்றும் இருக்கிறது. உலகின் முதல் மோட்டார் வாகனம் என்று சொல்லப்படுவது அதுதான்.

1870-ல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. ஜெர்மானியர்கள் பாரீசை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. குடும்பம் லண்டனுக்குப் போனது. அங்கே வருமானமும் இல்லை, வாழ வழியும் இல்லை. 12 வயதுப் பையனை ஆக்ஸ்பர்க்கில் இருந்த உறவினர் வீட்டுக்குத் தனியாக அனுப்பி வைத்தார்கள். அந்த உறவினர் பார்னிக்கல் ஒரு கணக்கு வாத்தியார். அவர் பாடம் நடத்திய தொழிற்பள்ளியிலேயே ருடால்ஃப் சேர்ந்தான். 14 வயதிலேயே, இன்ஜினியர் ஆகப் போகிறேன் என்று பெற்றோருக்குக் கடிதம் எழுதி விட்டான். 1873-ல் வகுப்பில் முதல் மாணவனாகத் தேறினான்.

பாலிடெக்னிக் வாசலில்

1875-ல் மியூனிக் நகரின் ராஜாங்கப் பாலிடெக்னிக்கில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. ஆனால் வீட்டில் சம்மதம் இல்லை. பெற்றோருக்குப் பணக் கஷ்டம். பையன் இனிமேல் சம்பாதிக்கட்டும் என்பது அவர்கள் எண்ணம். இதைப் படித்தபோது எனக்குப் புதிதாகவே தோன்றவில்லை. எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் நான். அப்பா லோடு வண்டி டிரைவர். பத்தாவது முடித்ததும் என்னைக் கிளீனராக அனுப்பச் சொல்லி அப்பாவிடம் வந்து பேசியவர்கள் எத்தனையோ பேர். நம் வகுப்பில் பலருக்கு இதே கதைதான் இருக்கும். டீசல் உதவித்தொகையைப் பிடித்துக் கொண்டார். அது போதாதபோது மற்றவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துச் செலவைச் சரிக்கட்டினார்.

அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர் கார்ல் லிண்டே. ஐஸ் மெஷின், குளிர்சாதனம் இவற்றுக்கெல்லாம் பெரிய கை அவர். நீராவி இன்ஜின் எரிக்கும் நிலக்கரியின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் வேலையாக மாறுகிறது, மிச்சம் எல்லாம் வீண் என்று வகுப்பில் அவர் விளக்கினார். மற்ற மாணவர்களுக்கு அது பரீட்சைக்கான ஒரு குறிப்பு. டீசலுக்கு அது தூக்கத்தைக் கெடுத்த கேள்வி. பத்தில் ஒன்பது பங்கு வீணாவதா? இதற்கு வழியே இல்லையா?

1879-ல் பரீட்சை நேரத்தில் டைபாய்டு காய்ச்சல். வகுப்போடு சேர்ந்து தேர்வு எழுத முடியவில்லை. சோர்ந்து உட்காராமல் சுவிட்சர்லாந்து போய் சுல்சர் தொழிற்சாலையில் வேலை பழகினார். 1880 ஜனவரியில் திரும்பி வந்து மிகச் சிறந்த மதிப்பெண்ணோடு தேறினார். அரியர் வைத்தவர்கள் கவனிக்க!

பிறகு பாரீசில் லிண்டேயின் ஐஸ் தொழிற்சாலையில் வேலை. 1883-ல் மார்த்தாவை மணந்தார். மூன்று குழந்தைகள். 1890-ல் பெர்லினுக்குக் குடிபெயர்ந்தார். பகலில் ஐஸ் மெஷின், இரவில் தன்னுடைய இன்ஜின் கணக்கு என்று வருடங்கள் ஓடின.

தீப்பொறி இல்லாத தீ

அவர் கண்ட வழி என்ன? சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்ப்பின் அடிப்பக்கம் சுடும் அல்லவா? காற்றை அமுக்கினால் சூடாகும். இன்னும் இன்னும் அமுக்கினால்? எண்ணெயைத் தெளித்த மாத்திரத்தில் தானாகவே பற்றிக் கொள்ளும் அளவுக்குச் சூடாகும். ஸ்பார்க் பிளக் தேவையில்லை. அழுத்தம் கூடக் கூட எரிபொருளிலிருந்து கிடைக்கும் வேலையும் கூடும். இவ்வளவுதான் தத்துவம். கேட்க எளிது, செய்து காட்டுவதில்தான் உயிர் போகும்.

இந்த யோசனைக்கான காப்புரிமை 1892 பிப்ரவரி 28 என்ற தேதியிட்டது. நாம் தேசிய அறிவியல் தினம் கொண்டாடுகிறோமே, அதே பிப்ரவரி 28! மறு ஆண்டே ஒரு புத்தகமும் வெளியிட்டார். அதில் போட்ட கணக்கு 250 அட்மாஸ்பியர் அழுத்தம். அந்தக் காலத்து இரும்புக்கும் வார்ப்புக்கும் அது தாங்குமா? பேராசிரியர்கள் பலர் தலையாட்டவில்லை. ஆக்ஸ்பர்க் இயந்திரத் தொழிற்சாலையின் தலைவர் ஹைன்ரிச் பூட்ஸ் மட்டும் அழுத்தத்தைக் குறைத்துக் கொண்டால் முயன்று பார்க்கலாம் என்று இடம் கொடுத்தார். க்ரூப் கம்பெனியும் பணம் போட்டது. டீசலும் தன் முதல் கணக்கு நடைமுறைக்கு ஒத்து வராது என்று உணர்ந்து அதைத் திருத்திக் கொண்டார்.

1893 ஆகஸ்ட் 10. முதல் சோதனை. தொழிற்சாலை பெல்ட் மூலம் இன்ஜினைச் சுற்ற விட்டு எரிபொருளைச் செலுத்தினார்கள். பயங்கர வெடிச் சத்தம்! அழுத்தம் அளக்கும் இண்டிகேட்டர் கருவி சிதறிப் பறந்தது. அருகில் நின்றவர்கள் உயிர் தப்பியதே பெரிய விஷயம். ஆனால் டீசல் முகத்தில் மகிழ்ச்சி. பொறியில்லாமல் பற்றிக் கொள்கிறது என்பது நிரூபணம் ஆகி விட்டதே!

அதன் பிறகு ஆரம்பித்தது உண்மையான போராட்டம். பிஸ்டன் ரிங் வழியாகவும் வால்வு வழியாகவும் காற்று கசிந்தது. கணக்குப் போட்ட கம்ப்ரஷன் வரவில்லை. எரிபொருளைப் பனி போலத் தெளிக்க நாசில் ஒத்துழைக்கவில்லை. புகை தள்ளியது. எண்ணெயைத் தள்ள நேரடிப் பம்ப் சரிப்படாததால், அழுத்தப்பட்ட காற்றை வைத்து எண்ணெயை ஊதி உள்ளே அனுப்பும் முறைக்குப் போனார். அதற்குத் தனியாக ஒரு கம்ப்ரஸர், அதற்குத் தனியாக ஒரு கோளாறு!

1894 பிப்ரவரி 17 அன்று, சுற்றிக் கொண்டிருந்த பெல்ட் இழுபடும் விதம் மாறியதைக் கூட இருந்த தொழிலாளி ஒருவர் கவனித்தார். பெல்ட் இன்ஜினைச் சுற்றவில்லை, இன்ஜின்தான் பெல்ட்டை இழுக்கிறது! அவர் பேசாமல் தொப்பியைக் கழற்றி மரியாதை செய்தார். அதைப் பார்த்த பிறகுதான் டீசலுக்கே விஷயம் புரிந்ததாம். ஒரு நிமிடம்தான் ஓடியது. ஆனால் முதல் கண்டுபிடிப்பைக் கண்ணால் கண்டது ஒரு பட்டறைத் தொழிலாளி என்பது நமக்கெல்லாம் பெருமை இல்லையா?

இன்னும் மூன்று ஆண்டுகள் மாற்றி மாற்றிச் செய்தார்கள். 1897 பிப்ரவரியில் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் வந்து முறைப்படி சோதித்தார். 250 மில்லிமீட்டர் போர், 400 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், ஒற்றைச் சிலிண்டர். ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும் யானை போன்ற இன்ஜின். சக்தி ஏறத்தாழ 18 குதிரைத் திறன். எஃபிஷியன்ஸி 26.2 சதவீதம்! நீராவி இன்ஜினைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். வகுப்பில் எழுந்த கேள்விக்கு விடை காண 20 வருடம் ஆயிற்று. அந்தக் காலத்து இன்ஜின் ஒன்று மியூனிக் அருங்காட்சியகத்தில் இன்றும் நிற்கிறது.

பணம் வந்தது, ரிப்பேரும் வந்தது

உலகமே திரும்பிப் பார்த்தது. அமெரிக்க உரிமையை அடால்ஃபஸ் புஷ் என்ற பீர் முதலாளி பத்து லட்சம் மார்க்குக்கு வாங்கினார். 1898-ல் தன் உரிமைகளை எல்லாம் ஒரு கம்பெனிக்கு 35 லட்சம் மார்க்குக்கு மாற்றிக் கொடுத்தார். தள்ளுவண்டி தள்ளிய பையன் 40 வயதில் லட்சாதிபதி!

ஆனால் சோதனைக்கூடத்தில் ஓடுவது வேறு, வாடிக்கையாளரிடம் தினமும் ஓடுவது வேறு. கெம்ப்டன் என்ற ஊரில் ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு 1898-ல் 60 குதிரைத் திறனுள்ள இரட்டைச் சிலிண்டர் இன்ஜின் போனது. போன இடத்தில் தொல்லை மேல் தொல்லை. மற்ற இடங்களிலிருந்தும் நாசில் அடைப்பு, கம்ப்ரஸர் கோளாறு, கசிவு என்று புகார்கள் குவிந்தன. அவர் பெயரில் ஆக்ஸ்பர்க்கில் தொடங்கிய தொழிற்சாலை நிலைக்கவில்லை. காப்புரிமை மீதும் வழக்கும் வாதமும் கிளம்பின. உடலும் மனமும் தளர்ந்து டீசல் சிகிச்சைக்குப் போக வேண்டியதாயிற்று.

அந்த இன்ஜினைக் காப்பாற்றியவர்களில் முக்கியமானவர் இம்மானுவேல் லாஸ்டர் என்ற ஆக்ஸ்பர்க் இன்ஜினியர். ஒவ்வொரு கோளாறாக எடுத்து, காரணம் தேடி, பொறுமையாகச் சரி செய்தார். பெயர் டீசலுக்கு, ஆனால் அந்தப் பெயர் நிலைத்ததில் ரிப்பேர் செய்தவர்களுக்கும் பங்கு உண்டு. இதை நாம் மறக்கக் கூடாது.

1900-ல் பாரீஸ் கண்காட்சியில் டீசல் இன்ஜினுக்கு உயர்ந்த பரிசு கிடைத்தது. அங்கே ஒரு சிறிய இன்ஜினை நிலக்கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். 1912-ல் செலாண்டியா என்ற கப்பல் டீசல் இன்ஜினோடு கோபன்ஹேகனிலிருந்து பாங்காக்குக்குக் கடல் கடந்து புறப்பட்டது. இவ்வளவு பெரிய பெரிய இடத்தில் ஓடினாலும் டீசலின் மனதில் இருந்த ஆசை வேறு. பெரிய நீராவி இன்ஜின் வாங்க முடிந்தவன் மட்டும்தான் பிழைக்க முடியும் என்ற நிலை மாற வேண்டும், சின்னப் பட்டறை வைத்திருப்பவனுக்கும் சிக்கனமான இன்ஜின் கிடைக்க வேண்டும் என்பதே அவர் கனவு. தொழிலாளர்கள் சேர்ந்து தொழில் நடத்துவது பற்றி 1903-ல் ஒரு புத்தகமே எழுதினார். பாவம், சில நூறு பிரதிகள்தான் விற்றன. 1908 வாக்கில் லாரிக்கு ஏற்ற சிறிய இன்ஜினும் செய்து பார்த்தார். அவர் காலத்தில் அது கைகூடவில்லை.

கடைசிப் பயணம்

வந்த பணம் நிலத்திலும் எண்ணெய்க் கிணற்றிலும் போட்டுக் கரைந்தது. மியூனிக்கில் கட்டிய மாளிகை மட்டும் ஊருக்குத் தெரிந்தது. கடன் வீட்டுக்காரர்களுக்கே தெரியாது. 1913 செப்டம்பர் 29 மாலை, லண்டனில் ஒரு கம்பெனிக் கூட்டத்துக்காக ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்ற கப்பலில் ஏறினார். இரண்டு நண்பர்களோடு சாப்பிட்டு விட்டு, காலையில் எழுப்பச் சொல்லி அறைக்குப் போனார். காலையில் ஆள் இல்லை. படுக்கையில் யாரும் படுத்த அடையாளம் இல்லை. மேல்தளத்தில் தொப்பியும் கோட்டும் கிடந்தன. சில நாட்கள் கழித்து ஒரு டச்சுக் கப்பல்காரர்கள் கடலில் கண்ட உடலிலிருந்து எடுத்த சாமான்களை அவருடைய மகன் அடையாளம் காட்டினார். கொலை என்று எழுதியவர்களும் உண்டு. ஆனால் வங்கிக் கணக்கு காலியாக இருந்ததும், கடன் கழுத்தை நெரித்ததும் உண்மை. அப்போது அவருக்கு வயது 55.

அவர் போன பிறகு

1920-களில் பென்ஸ், எம்.ஏ.என். கம்பெனிகள் டீசல் லாரியை ரோட்டில் ஓட விட்டன. 1927-ல் ராபர்ட் பாஷ் கம்பெனி இன்ஜெக்ஷன் பம்ப்பைத் தொழிற்சாலையில் வரிசையாகத் தயாரிக்க ஆரம்பித்தது. ஊதும் கம்ப்ரஸர் ஒழிந்தது. அமெரிக்காவில் பள்ளிப் படிப்போடு நின்று, கார் டிரைவராக இருந்த கிளெஸ்ஸி கம்மின்ஸ் 1919-ல் தொடங்கிய கம்பெனியின் 5.9 லிட்டர் இன்ஜின் 1989 மாடல் முதல் டாட்ஜ் பிக்கப்பிலேயே ஏறியது. இன்று அங்கே டிரெய்லர் இழுக்கும் பண்ணைக்காரர், சிறிய காண்ட்ராக்டர் எல்லோரும் செகண்ட் ஹேண்டில் தேடுவது இந்த மாதிரி ஹெவி டீசல் பிக்கப்பைத்தான். டீசல் கனவு கண்ட அந்தச் சின்னத் தொழில்காரர் இவர்தானே!

ஆனால் அவரை அழ வைப்பது என்ன? அதே ஆக்ஸ்பர்க் நோய்கள்தான். அந்த நாட்டு அனுபவம் சிலவற்றைப் பாருங்கள். 1998-ன் பிற்பகுதி முதல் 2002 வரை வந்த 5.9 லிட்டர் கம்மின்ஸில் வி.பி.44 என்ற பம்ப். டாங்கிலிருந்து எண்ணெய் அனுப்பும் சின்ன லிஃப்ட் பம்ப் பலவீனமானால், எண்ணெயிலேயே குளிர்ந்து எண்ணெயிலேயே வழுவழுப்புப் பெறும் பெரிய பம்ப் காய்ந்து செத்து விடும். சில நூறு டாலர் சாமானைக் கவனிக்காததால் ஆயிரம் டாலருக்கு மேல் போகும்.

2001 முதல் 2004 வரை வந்த 6.6 லிட்டர் டூராமேக்ஸில் இன்ஜெக்டர் கசிவு. எட்டும் வால்வு கவருக்கு அடியில் இருப்பதால் கூலியே பெரிய தொகை. கம்பெனியே வாரண்டியை 7 ஆண்டு அல்லது 2 லட்சம் மைல் என்று நீட்டிக் கொடுத்தது. 2003 முதல் 2007 வரை வந்த ஃபோர்டு 6 லிட்டர் இன்ஜினில் ஆயில் கூலர் அடைத்துக் கொள்ளும், அதனால் ஈ.ஜி.ஆர். கூலருக்குத் தண்ணீர் குறையும், அது வெடிக்கும், தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கும், கடைசியில் ஹெட் கேஸ்கெட் போகும். அதை மாற்ற வண்டியின் கேபினையே தூக்குகிறவர்கள் பலர். 2011-க்குப் பிறகு வந்த சில மாடல்களில் சி.பி.4 பம்ப் தேய்ந்து இரும்புத் தூள் ஆனால் அது பைப், ரெயில், இன்ஜெக்டர் எல்லாவற்றிலும் புகுந்து விடும். முழு செட்டையும் மாற்ற பத்தாயிரம் டாலர் வரைகூட ஆகும்.

ஏன் இவ்வளவு விலை? பம்ப்பின் பிளஞ்சருக்கும் பேரலுக்கும் இடைவெளி சில மைக்ரான்தான். தலைமுடியின் தடிமன் அதைப் போலப் பல மடங்கு. ஒரு துளி தண்ணீர், ஒரு மணல் தூசி போதும். எங்கள் வீட்டிலும் பம்ப், நாசில் வேலை வந்த மாதங்களில் மளிகைக் கடைப் பாக்கி ஏறும். அதனால் ரிப்பேர் பில் என்றால் என்ன என்பது எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்ததல்ல.

நாம் கற்க வேண்டியது

பழைய டீசல் வண்டி நம்மிடம் வந்தால் சின்னச் செலவிலிருந்து பெரிய செலவுக்குப் போக வேண்டும். முதலில் ஃபில்டர், தண்ணீர் சேர்ந்திருக்கிறதா, பைப்பில் ஏர் பிடிக்கிறதா, லிஃப்ட் பம்ப் அழுத்தம் சரியா என்று பார்க்கணும். பிறகு ஏர் ஃபில்டர், டர்போ ஹோஸ். குளிரில் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் ஹீட்டர் பிளக்கையும் பேட்டரியையும் பார்க்கணும். அதன் பிறகு நாசிலைக் கழற்றி டெஸ்ட். பம்ப்பைத் தொடுவது அதற்கும் பின்னால். இன்ஜினை இறக்குவது கடைசி.

புகையும் பேசும். கறுப்புப் புகை என்றால் காற்று குறைவு அல்லது எண்ணெய் அதிகம். நீலப் புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை என்றால் எரியாத டீசல். சூடான பிறகும் நிற்காமல் வந்து ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கணும். ஓடும் இன்ஜினில் ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை தள்ளினால் ரிங்கும் லைனரும் தேய்ந்து விட்டன என்று பொருள். அது 1893-ல் டீசலை வாட்டிய அதே கம்ப்ரஷன் கசிவு!

நண்பர்களே, காரணத்தைக் கண்டுபிடிக்காமல் பாகத்தை மட்டும் மாற்றிக் கொடுத்தால் வண்டி மறுபடியும் நிற்கும். அந்த வீட்டு அடுப்பும் நிற்கும். தேவையில்லாத சாமானை மாற்றிப் பில் போடுவது பாவம். சின்னத் தொழில்காரனுக்குச் சிக்கனமான இன்ஜின் வேண்டும் என்று ருடால்ஃப் டீசல் கண்ட கனவு இன்றைக்கு அவர் கையில் இல்லை. ஸ்பேனர் பிடிக்கும் நம் கையில் இருக்கிறது. கையும் சுத்தமாக, கணக்கும் சுத்தமாக வேலை செய்வோம்!

- இரண்டாம் ஆண்டு, ஆட்டோமொபைல் பிரிவு மாணவன்